லண்டனின் இலக்கிய முகவர்கள்

எழுத்தாளருக்காகப் பதிப்பாளரிடம் பேரம் பேசும் முகவர் தொழில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் வேரூன்றியது. முன்னோடி ஏ. பி. வாட். எழுத்தாளரின் வருவாயில் 10 விழுக்காடு அவருக்குக் கமிஷன். கிப்ளிங்கும் கோனன் டாயிலும் அவரிடம் இருந்தனர். பதிப்பாளர் வில்லியம் ஹைன்மன் இந்த இடையீட்டைக் கடுமையாக எதிர்த்தார். ஆனால் 1891இல் அமெரிக்கா வெளிநாட்டு நூல்களுக்கும் பதிப்புரிமை வழங்கத் தொடங்கியதும் முகவரின் தேவை கூடியது.

1896இல் தொழிலில் இறங்கிய ஜே. பி. பிங்கர் இன்னும் துணிந்தவர். கடனில் தவித்த ஜோசப் கான்ராடுக்கு, எழுதி முடிக்காத நாவல்களை நம்பி ஆண்டுக்கணக்கில் பணம் கொடுத்தார். இலக்கிய வரலாற்றில் இத்தகைய நம்பிக்கை அரிது. 1910இல் இருவருக்கும் பெரும் சண்டை மூண்டது; ஆனாலும் பிங்கரே முகவராக நீடித்தார். 1914இல் நூலாக வந்த 'சான்ஸ்' நன்கு விற்று, கான்ராடின் பணமுடையைத் தளர்த்தியது.