அஸ்ஸாயே, பிளாசி: பம்பாய்க்கென்று கட்டிய இரண்டு கப்பல்கள்

போன ஞாயிறு விக்ரோலியில் ஸ்லோ லோக்கல் பிடித்து, பையனை கேட்வே பக்கம் கூட்டிப் போனேன். ஐ.என்.எஸ். சென்னை மஜகாவில் கட்டிய கப்பல், 2016-ல் இதே மும்பையில்தான் கடற்படையில் சேர்ந்தது, அது ஒரு நாசகாரிக் கப்பல் என்று பெருமையாகச் சொன்னேன்.

"எதைப்பா நாசம் பண்ணும்?" என்றான்.

நியாயமான கேள்விதான். பதிலுக்கு 1880-களுக்குப் போக வேண்டும்.

அப்போது டார்பிடோ படகு என்று ஒன்று வந்தது. சின்னது, மலிவு. ஆனால் ஒரே அடியில் பெரிய இரும்புக் கப்பலையே கவிழ்த்துவிடும். அதைத் துரத்த பிரிட்டன் கண்டுபிடித்த மருந்துதான் டார்பிடோ பீரங்கிப் படகு. முதலாவது 1886-ல் வந்த ராட்டில்ஸ்நேக். அடுத்து வந்த ஷார்ப்ஷூட்டர் வகையில் இரண்டு, இந்தியாவுக்காக ஆம்ஸ்ட்ராங் கம்பெனி கட்டியவை. இரண்டும் 1890-ல் நீரில் இறங்கின. பெயர்கள்: அஸ்ஸாயே, பிளாசி.

735 டன், 230 அடி நீளம். படகுகளைச் சுட, வேகமாகக் குண்டு நிரப்பக்கூடிய 4.7 அங்குல பீரங்கி இரண்டு, 3 பவுண்டு பீரங்கி நான்கு. பெரிய கப்பலைத் தாக்க 14 அங்குல டார்பிடோ. காகிதத்தில் பிரமாதம்!

கோளாறு பாய்லரில். ரயில் எஞ்சின் மாதிரி பாய்லரை வைத்து, விசிறியால் காற்றை உள்ளே அடித்து நெருப்பை முடுக்கினார்கள். சூடு தாங்காமல் குழாய் மூட்டுகள் ஒழுகின. கிடைத்த வேகம் சுமார் 19 நாட். துரத்த வேண்டிய படகோ இதைவிட வேகம். லோன் கேட்டு வரும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் நான் தினம் பார்க்கிற கதை!

ஆனால் தாக்குதலில் இந்த வகை சோடை போகவில்லை. 1891-ல் சிலி உள்நாட்டுப் போரில் இதே மாதிரி இரண்டு படகுகள் சேர்ந்து பிளாங்கோ என்கலாடா என்ற இரும்புக் கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்தன. துரத்தும் வேலைக்கு 1893-ல் ஹாவாக் வந்தது, 26 நாட். 'டார்பிடோ படகு நாசகாரி' என்று பெயர். பின்னால் முதல் இரண்டு வார்த்தையும் உதிர்ந்து, வெறும் நாசகாரி ஆகிவிட்டது. பையனுக்கு இதுதான் பதில்.

நம்ம இரண்டும் 1904-ல் விற்கப்பட்டன. பதினாலே வருஷத்தில் முழுத் தேய்மானம்.

எனக்கு உறுத்துவது அந்தப் பெயர்கள். பிளாசி 1757-ல் வங்காள நவாப் தோற்ற இடம். அஸ்ஸாயே 1803-ல் மராட்டியர் தோற்ற இடம், இதே மகாராஷ்டிராவில் ஜால்னா பக்கம். நம் வரிப்பணத்தில் கப்பல் கட்டி, நாம் தோற்ற இடங்களின் பெயரை அதில் எழுதியிருக்கிறார்கள்.

திரும்பும்போது ரயிலில் பையன் கேட்டான்: "சென்னைன்னு பேர் வச்சது யாருப்பா?"

"நாமதான்டா," என்றேன்.