கேட்கப்பட்ட குழந்தை: நடுக் குழந்தைப் பருவ நலனளவீட்டில் மாணவர் கருத்தாய்வுகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஏறத்தாழ ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான நடுக் குழந்தைப் பருவத்தினரின் நலனை அறிய அவர்களிடமே வினவும் முறை எவ்வாறு உருப்பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாஸ்டன் நகரில் 1880இல் நிகழ்ந்த வினவல் முதல், கனடாவின் வான்கூவர் நகரில் 2009–10 கல்வியாண்டில் முன்னோட்டமாக நடத்தப்பெற்ற நடுப்பருவ வளர்ச்சிக் கருவி வரையிலான படிநிலைகள் இங்கு வரலாற்று நோக்கில் விளக்கப்படுகின்றன. குழந்தையின் சொல் சான்றாக ஏற்கப்பட்ட அதே வேளையில், அச்சொல்லைச் சொன்ன குழந்தை புள்ளிவிவரத்துள் மறைந்துபோனது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: நடுக் குழந்தைப் பருவம், மாணவர் கருத்தாய்வு, நலன், வினாநிரல், பிரிட்டிஷ் கொலம்பியா.

முன்னுரை

பாட்டியல் மரபில் பரவலாக வழங்கும் பகுப்பின்படி எட்டு முதல் பதினொன்று வரையிலான பெண்ணின் அகவை பெதும்பை எனப்படும். உளவியல் பாடநூல்கள் நடுக் குழந்தைப் பருவம் என்று சுட்டும் காலத்தின் மையப்பகுதியும் இதுவே. பெயர் இருந்ததேயன்றி அப்பருவத்தைப் பற்றிய பேச்சு குறைவு. பிள்ளைத்தமிழ் மழலையை மையமாகக் கொண்டது. உலாவில் பெதும்பை காதலின் தொடக்கத்துக்குரியவளாகவே வருகிறாள். மேலை உளவியலிலும் நிலைமை பெரிதும் வேறன்று. சிக்மண்ட் பிராய்டு 1905இல் இவ்வாண்டுகளை உந்துதல்கள் அடங்கிக் கிடக்கும் உள்ளுறைப் பருவமாகக் கண்டார். எரிக் எரிக்சன் 1950இல் உழைப்பூக்கத்துக்கும் தாழ்வுணர்வுக்கும் இடையிலான போராட்டக் களமாக இதனை விளக்கிய பின்னரே இப்பருவத்துக்குத் தனி முகம் கிட்டியது எனலாம்.

அக்களத்தில் நிற்கும் குழந்தை தன் நிலையைத் தானே சொல்ல இயலுமா, சொன்னால் அதனைச் சான்றாகக் கொள்ளலாமா என்னும் வினாவுக்கு ஆய்வுலகம் விடை காண ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது.

ஹாலின் வினாக்களும் பியாஜேயின் ஐயமும்

1880ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்த குழந்தைகளிடம் ஜி. ஸ்டான்லி ஹால், மழலையர் பள்ளி ஆசிரியைகளைக் கொண்டு வினாக்கள் கேட்கச் செய்தார். 1883இல் வெளியான அவ்வாய்வின்படி, வினவப்பெற்ற குழந்தைகளுள் 80 விழுக்காட்டினர் தேன்கூட்டை அறிந்திருக்கவில்லை; 14 விழுக்காட்டினர் விண்மீன்களைக்கூட அறியாதிருந்தனர். இவ்வெண்கள் பின்னாளில் பல இடங்களில் எடுத்தாளப்பட்டன. ஆயினும் ஹால் வினவியது குழந்தை எதை அறியும் என்பதையே. குழந்தை எப்படி இருக்கிறது என்பதையன்று. கிளார்க் பல்கலைக்கழகத்திலிருந்து 1894 முதல் அவர் தொடர்ந்து வெளியிட்ட வினாநிரல்களுக்கு விடையளித்தவர்களுள் ஆசிரியர்களும் பெற்றோரும் தம் இளமையை நினைவுகூர்ந்த பெரியவர்களுமே மிகுதி. குழந்தையை அறியும் இயக்கமாகத் தொடங்கியது, குழந்தையைப் பற்றிப் பெரியவர் பேசும் இயக்கமாக விரைவிலேயே மாறிற்று.

இதற்கு அறிவியல் சார்ந்த காரணமும் உண்டு. குழந்தைகள் வினவுவோரின் குறிப்பறிந்து விடை சொல்வர் என்பதை ஆல்பிரட் பினே 1900இல் வெளியிட்ட நூலில் சோதனைகளின் வழிக் காட்டியிருந்தார். ழான் பியாஜே 1926இல் வெளிவந்த நூலின் முன்னுரையில், ஒரே வினாவை ஒரே வடிவில் எல்லாக் குழந்தைகளிடமும் கேட்கும் முறையைக் கண்டித்தார். குழந்தை சலிப்பில் எதையேனும் சொல்லலாம், கற்பனையில் புனையலாம், வினாவிலிருந்தே விடையை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே உரையாடலின் போக்கிலேயே உண்மையை அறிய வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. உலகைப் பற்றிய குழந்தையின் கருத்தை அறிய இக்கண்டனம் மிகப் பொருத்தமானது. தனிமையையும் துயரையும் பற்றிய வினாவுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று அடுத்துவந்தோர் கருதியதுதான் சிக்கல். கதிரவன் ஏன் நகர்கிறது என்பதற்குக் குழந்தை விடையைப் புனையலாம். உணவு இடைவேளையில் தன்னுடன் அமர எவருமில்லை என்பதைப் புனைய வேண்டிய தேவை அதற்கு அரிது.

ஆசிரியர் காணாத குழந்தை

பெரியவரின் கண்ணில் எது படுகிறது, எது தப்புகிறது என்பதை ஈ. கே. விக்மன் 1928இல் வெளியிட்ட ஆய்வு வெளிச்சமிட்டது. 50 நடத்தைச் சிக்கல்களின் கடுமையை மதிப்பிடுமாறு ஆசிரியர்களிடமும் உளநல வல்லுநர் 30 பேரிடமும் அவர் வேண்டினார். திருட்டு, ஒழுக்கக்கேடு போன்றவற்றை ஆசிரியர்கள் மிகக் கடுமையானவையாகக் கருதினர். கூச்சம் அவர்கள் பட்டியலின் அடியில் கிடந்தது. வல்லுநர்களோ பிறரோடு பழகாமையையும் மனச்சோர்வையும் முன்னிறுத்தினர். இரு குழுவினருக்கும் தரப்பட்ட அறிவுறுத்தல்கள் வெவ்வேறானவை என்று பின்வந்தோர் சுட்டிய குறை நியாயமானதே. ஆசிரியர் வகுப்பின் இன்றைய ஒழுங்கை எண்ணினார். வல்லுநர் குழந்தையின் நாளையை எண்ணினார். அக்குறையைக் கழித்துப் பார்த்தாலும் ஒன்று எஞ்சுகிறது: வகுப்பைக் குலைக்காத துயரம் வகுப்பில் எவர் பார்வைக்கும் எளிதில் வருவதில்லை.

இது எவ்வளவு பொதுவானது என்பதற்கு எண்வழிச் சான்று ஆறு பதிற்றாண்டுகள் கழித்தே கிடைத்தது. தாமஸ் அக்கன்பாக்கும் உடனாய்வாளர்களும் 119 ஆய்வுகளைத் தொகுத்து 1987இல் வெளியிட்ட கட்டுரையில், தாயும் தந்தையும் போல ஒரே வகைப்பட்ட சான்றாளர்களின் மதிப்பீடுகளுக்கிடையே சராசரி ஒட்டுறவுக் கெழு 0.60 என்றும், பெற்றோரும் ஆசிரியரும் போல வேறுபட்ட வகையினருக்கிடையே 0.28 என்றும், குழந்தையின் சொந்தக் கூற்றுக்கும் பிறர் கூற்றுக்கும் இடையே 0.22 என்றும் கண்டறிந்தனர். இதனைக் குழந்தையின் கூற்று பிழையானது என்பதற்குச் சான்றாகக் கொள்ளவும் வாய்ப்பிருந்தது. ஆனால், ஒவ்வொரு சான்றாளரும் குழந்தையின் வாழ்வில் வேறொரு பகுதியைக் காண்கின்றனர் என்னும் விளக்கமே நிலைபெற்றது. ஒருவர் சொல் மற்றவர் சொல்லுக்கு ஈடாகாது என்று ஆனபின், குழந்தையைக் கேளாமல் விடுவதற்கு நியாயம் இல்லாமற்போயிற்று.

எவ்வாறு கேட்பது என்னும் நுட்பமும் இதற்குள் முதிர்ந்திருந்தது. சூசன் ஹார்ட்டர் 1982இல் வெளியிட்ட அளவுகோலில் ஒவ்வொரு உருப்படியும் இரு வகைச் சிறுவர்களை முன்வைக்கும்: சிலருக்கு நண்பர் பலர் உண்டு, வேறு சிலருக்கு அத்தனை பேர் இல்லை. குழந்தை முதலில் தான் எவரைப் போன்றது என்று தெரிவு செய்யும். பிறகு அது ஓரளவு உண்மையா, முற்றிலும் உண்மையா என்று குறிக்கும். நண்பரில்லாத சிறுவரும் உலகில் உண்டு என்பதை வினாவே முன்கூட்டி ஒப்புக்கொள்வதால், அவ்விடையைத் தருவதில் நாணம் குறைகிறது. பினே எழுப்பிய தடைக்கு வினாவின் வடிவத்திலேயே விடை கண்டது இம்முறையின் சிறப்பு.

விடுபட்ட ஆண்டுகள்

பள்ளிவயதுச் சிறாரின் உடல்நல நடத்தை பற்றிய பன்னாட்டு ஆய்வை இங்கிலாந்து, பின்லாந்து, நார்வே நாடுகளின் ஆய்வாளர்கள் 1982இல் தொடங்கினர். உலக நலவாழ்வு அமைப்பின் துணையோடு வளர்ந்த அவ்வாய்வு 11, 13, 15 வயதினரை மட்டுமே வினவியது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 1992 முதல் நடைபெறும் வளரிளம் பருவ நலவாழ்வுக் கருத்தாய்வு ஏழாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. மறுமுனையில், மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டான் ஆஃபர்டும் மக்தலேனா யானுஸும் உருவாக்கிய தொடக்க வளர்ச்சிக் கருவி ஐந்து வயதினருக்குரியது. அதனை நிரப்புபவர் ஆசிரியர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அம்மாநிலம் மாணவரிடம் முறையாக அளந்தவற்றுள் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய திறன்கள் முதன்மையானவை.

இதற்கிடையில் 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் கருத்துரைக்கும் உரிமையைக் குழந்தைக்கு வழங்கியது. அளவீட்டு நுட்பம் திறந்த கதவைச் சட்டம் அகலமாக்கியது.

வான்கூவர் கருவி

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தொடக்கக் கற்றல் கூட்டாய்வு மையத்தை வழிநடத்தியவர் பொதுநல மருத்துவர் கிளைட் ஹெர்ட்ஸ்மன். அம்மையத்தில் உளவியலாளர் கிம்பர்லி ஷோனெர்ட்-ரெய்க்கல் தலைமையில் நடுப்பருவ வளர்ச்சிக் கருவி உருவானது. நான்காம் வகுப்பு மாணவரிடம் தொடங்கிய அது பின்னர் ஏழாம் வகுப்புக்கும் விரிந்தது. உடல்நலம், பிறருடனான பிணைப்பு, சமூக மனவெழுச்சி வளர்ச்சி, பள்ளி அனுபவம், பள்ளி முடிந்தபின் கழியும் நேரம் ஆகிய ஐந்து களங்களில் மாணவரே விடையளிப்பர். பெற்றோருக்கு முன்கூட்டியே அறிவிக்கப்படும், விரும்பாதோர் விலகிக்கொள்ளலாம்.

இவ்வைந்தனுள் மிக எளியதாகத் தோன்றும் கடைசிக் களமே நடைமுறைப் பயன் மிகுந்தது. பிற்பகல் மூன்று மணி முதல் ஆறு மணி வரை என்ன செய்கிறாய், என்ன செய்ய விரும்புகிறாய், எது தடுக்கிறது என்று கருவி வினவுகிறது. நேராக வீட்டுக்குச் செல்ல வேண்டும், கட்டணம் மிகுதி, அங்குச் சென்றுசேர்வது கடினம், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பன தெரிவுக்குரிய விடைகளுள் சில. இவற்றுள் ஒன்றுகூடக் குழந்தையின் மனத்தில் உள்ள குறையன்று. இவற்றுக்கான தீர்வு நகராட்சியிடமும் பேருந்துத் துறையிடமும் உள்ளது. முடிவுகள் பள்ளிவாரியாக மட்டுமன்றி, குழந்தைகள் வாழும் குடியிருப்புப் பகுதிவாரியாகவும் வெளியிடப்படுவதன் நோக்கமும் இதுவே.

நலக் குறியீடு அமைக்கப்பட்ட முறை கூடுதல் கவனத்துக்குரியது. நம்பிக்கையுணர்வு, தன்மதிப்பு, மகிழ்ச்சி, துயரின்மை, பொது உடல்நலம் ஆகிய ஐந்து கூறுகளுள் குறைந்தது நான்கில் நேர்மறையாக விடையளிப்போர் செழிப்புறுவோர், ஏதேனும் ஒன்றில் எதிர்மறையாக விடையளிப்போரும் குறைநலனுடையோர், ஏனையோர் இடைநிலையினர். சராசரி கண்டிருந்தால் ஒரு கூறில் உள்ள துயரம் மற்ற நான்கின் மகிழ்ச்சியால் கரைந்திருக்கும். இக்குறியீடு அதனைக் கரையவிடவில்லை. எனினும், உடல்நலம் குன்றிய மகிழ்ச்சியான குழந்தையும் எல்லாவற்றிலும் சோர்ந்த குழந்தையும் ஒரே தொகுதியில் சேர்வதால், குறைநலனுடையோர் விழுக்காட்டை நோயுற்றோர் விழுக்காடாக வாசிப்பது பிழையாகும்.

எண்ணப்பட்டவரும் அறியப்படாதவரும்

இக்கருவி நோயறி கருவியன்று. தனிப்பட்ட மாணவர் குறித்த அறிக்கை எதுவும் பள்ளிக்குத் தரப்படுவதில்லை. இவ்வமைப்பின் பின்னுள்ள சிந்தனையை ஜெஃப்ரி ரோஸ் 1985இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையோடு ஒப்பிடலாம். நோயுற்ற தனியாளைத் தேடுவதும் மக்கள்தொகை முழுமையின் நிலையை மாற்றுவதும் வெவ்வேறு பணிகள் என்று வாதிட்ட அவர், இரண்டாவதன் வலிமையைக் குருதியழுத்தம் முதலிய சான்றுகளால் விளக்கினார். குழந்தைகளைப் பொறுத்தவரை அவ்வணுகுமுறைக்குக் கூடுதல் நன்மையும் உண்டு. தன் விடை ஆசிரியருக்குத் தெரியாது என்னும் உறுதியில்லாமல் பத்து வயதுக் குழந்தை பள்ளியைப் பற்றி உண்மை சொல்லும் என்று எதிர்பார்க்க இயலாது.

ஆனால் குருதியழுத்தம் ஒரு கூற்றன்று. குழந்தையின் விடையோ ஒருவரை நோக்கிச் சொல்லப்படும் சொல். பள்ளியில் உனக்கு முக்கியமான பெரியவர் எவரேனும் உண்டா என்று இக்கருவி கேட்கிறது. முடிவுகள், இருவர் அல்லது அதற்கு மேல், ஒருவர், எவருமில்லை என மூன்றாகத் தொகுக்கப்படுகின்றன. எவருமில்லை என்று குறிக்கும் குழந்தை, அப்பள்ளியின் வகுப்பறையில் அமர்ந்து, அப்பள்ளி அளித்த நேரத்தில் அதனைச் சொல்கிறது. விக்மனின் ஆசிரியர்கள் காணத் தவறிய அமைதியான குழந்தை இங்கு எண்ணிக்கையில் இடம்பெறுகிறது. ஆயினும் அதைத் தேடி எவரும் வர வழியில்லை. குழந்தை உரிமைகள் குழு 2009இல், அதாவது வான்கூவர் முன்னோட்டம் தொடங்கிய ஆண்டில், வெளியிட்ட 12ஆம் பொதுக் கருத்துரை, கேட்கப்படும் உரிமை தனிக் குழந்தைக்கும் குழந்தைகளின் குழுவுக்கும் உரியது என்று இரண்டையும் பிரித்துக் கூறுகிறது. கருத்தாய்வு நிறைவேற்றுவது இரண்டாவதை மட்டுமே.

தெற்கு ஆஸ்திரேலியாவில் இக்கருவியைத் தழுவிய கருத்தாய்வு 2013 முதல் நடைபெற்று வருகிறது. 8, 10, 12 வயதினரிடையே நடத்தப்பெறும் குழந்தைகளின் உலகங்கள் என்னும் பன்னாட்டு ஆய்வின் மூன்றாம் சுற்றில் இந்தியாவும் இலங்கையும் இடம்பெற்றன. இத்தகைய கருத்தாய்வைத் தமிழில் அமைக்க முற்படுவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது அளவுகோலின் மொழிபெயர்ப்பை மட்டுமன்று. எவருமில்லை என்னும் விடை ஒரு வகுப்பில் ஒன்றேனும் வருமாயின், அதைச் சொன்னவர் யாரென்று அறியாமலேயே அவ்வகுப்பின் ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் சொல்லி விசாரிக்கும் பெரியவர் ஒருவரை ஏற்படுத்தப் பள்ளி முன்வருமா என்பதையும் வினாநிரலை வழங்குவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.