கசியும் மின்சாரமும் மும்பை மருத்துவமனைகளும்

தோலின் மேல் வைக்கும் கருவிக்கு ஒரு காப்பு, இதயத்துக்குள் நுழையும் கருவிக்கு அதைவிடக் கடுமையான காப்பு என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் 1960களுக்குப் பிறகே உருவானது. அதற்கு முன்பு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஒரே பாதுகாப்புதான்: ஃபியூஸும் எர்த் கம்பியும். பெஸ்ட் நிறுவனம் 1905-ல் மும்பையில் மின் வினியோகத்தைத் தொடங்கியது, பரேலில் கே.இ.எம். மருத்துவமனை 1926-ல் திறக்கப்பட்டது. கருவியின் இரும்புப் பெட்டியில் மின்சாரம் ஏறினால் எர்த் வழியாக மண்ணுக்குப் போய்விடும், ஃபியூஸ் எரிந்துவிடும் என்பதே அக்காலக் கணக்கு.

தோலைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரிதான். வீட்டு மின்சாரத்தில் சுமார் 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் கையில் சுரீரென்று உணர்வோம். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்த கை விடாது. இதயத் துடிப்பு தாறுமாறாக நூறு மில்லி ஆம்பியர் அளவுக்கு வேண்டும்.

இதய அறுவை சிகிச்சை வந்ததும் கணக்கு மாறியது. கே.இ.எம்.மில் பி.கே. சென் குழுவினர் 1968 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்த காலத்தில், இதயத்துக்குள் குழாயும் பேஸ்மேக்கர் கம்பியும் செலுத்துவது உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பி தோலின் தடையைத் தாண்டி மின்சாரத்தை நேரே இதயத் தசைக்குக் கொண்டு சேர்க்கும். சுமார் 20 மைக்ரோ ஆம்பியரே இதயத் துடிப்பைக் குலைக்கப் போதும் என்று 1960களில் அமெரிக்காவில் நாய்களில் நடந்த சோதனைகள் காட்டின. தோல் வழியாகப் போவதில் இது ஐயாயிரத்தில் ஒரு பங்கு. எர்த் அறுந்த கட்டில் விளக்கை ஒரு கையால் தொட்டபடி, மறு கையால் பேஸ்மேக்கர் கம்பியின் திறந்த முனையைப் பிடிக்கும் நர்ஸுக்கு எதுவுமே தெரியாது. நோயாளிக்கு உயிரே போகலாம். எந்த ஃபியூஸும் இதற்கு எரியாது.

ஆண்டுக்கு 1,200 அமெரிக்கர்கள் ஆஸ்பத்திரிகளில் இப்படி இறக்கிறார்கள் என்று 1970களின் தொடக்கத்தில் நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர் பரபரப்பாக எழுதினார். அந்த எண்ணிக்கைக்கு உறுதியான ஆதாரம் கிடைத்ததில்லை. ஆனாலும் அது கிளப்பிய பயம் வேலை செய்தது. மருத்துவ மின்கருவிகளுக்கான சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் முதல் பொது விதி 1977-ல் வெளிவந்தது. நாளடைவில், கருவி சரியாக இருக்கும்போது இதயத்தைத் தொடும் பகுதியிலிருந்து 10 மைக்ரோ ஆம்பியர், ஏதாவது ஒன்று பழுதானால் 50 என்று வரம்பு நிலைத்தது. உடலின் மேல் மட்டும் வைப்பவற்றுக்கு இது 100, 500. கருவியின் மேல் சதுரத்துக்குள் இதயப் படம் இருந்தால் கடுமையான வரம்புக்கு உட்பட்டது. மனித உருவம் இருந்தால் மற்றது.

உடலுக்குள் மின்சாரம் கசியாமல் தடுப்பதற்கு நேர் எதிரான வேலையும் மும்பையில் நடந்தது. செம்பூருக்கு அப்பால் டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் மின்னணுப் பொறியாளர்கள், உடலுக்குள் வேண்டுமென்றே மின்சாரத்தைச் செலுத்தி ரத்த ஓட்டத்தை அளக்கும் கருவியைச் செய்தார்கள். கே.இ.எம். அறுவை மருத்துவர்களோடு சேர்ந்து கால் ரத்தக்குழாய் அடைப்பு நோயாளிகளிடம் அதைச் சோதித்து, 1981-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சில மில்லி ஆம்பியர் பாய்ந்தும் நோயாளிக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் அதிர்வெண். சுவரில் வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் சென்று வரும். இதுவோ 50,000 முறை. அந்த வேகத்துக்கு நரம்பும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. அளவை மட்டும் வைத்து ஆபத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

சர்வதேச விதியைத் தழுவிய இந்தியத் தரமான ஐ.எஸ். 13450 1994-ல் வந்தது. மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தாலும், 2020 ஏப்ரலில்தான் எல்லாக் கருவிகளும் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. விதி தயாரிப்பாளரைக் கட்டுப்படுத்தும். வார்டில் தேயும் வயரை அது பார்க்காது. தாராவியை ஒட்டிய சயான் ஆஸ்பத்திரி போல இரவு பகலாகக் கருவிகள் இடம் மாறும் இடங்களில் பிளக்கின் எர்த் பின்தான் முதலில் தளரும். டெக்னீஷியன் மீட்டரின் ஒரு முனையை அந்தப் பின்னிலும் மறு முனையைக் கருவியின் உலோக உடலிலும் வைத்துப் பார்ப்பார். கழற்ற முடியாத வயராக இருந்தால் தடை 0.2 ஓமுக்குள் இருக்க வேண்டும்.