சீரோ சண்டை வானூர்தி மாதிரியுரு

சீரோ சண்டை வானூர்தி மாதிரியுரு என்பது, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பேரரசுக் கடற்படை பயன்படுத்திய மிட்சுபிஷி ஏ6எம் சீரோ வானூர்தியைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி அமைக்கப்படும் உருவம் ஆகும். பெரும்பாலும் இது நெகிழியில் வார்க்கப்பட்ட பாகங்களை ஒட்டி, வண்ணம் தீட்டி உருவாக்கப்படுகிறது. பாகங்களை ஒட்டுவது ஒப்பீட்டளவில் எளிது. எந்தத் தொழிற்சாலையில், எந்தக் காலத்தில் செய்யப்பட்ட, எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்த வானூர்தி என்பதைத் தீர்மானித்து, அதற்குரிய நிறத்தைத் தெரிவு செய்வதே இதில் கடினமான பகுதியாகக் கருதப்படுகிறது.

மூல வானூர்தி

சீரோவை வடிவமைத்தவர் மிட்சுபிஷி நிறுவனப் பொறியாளர் ஜிரோ ஹோரிகோஷி. இதன் முதற் பறப்பு 1939 ஏப்ரல் 1 அன்று நிகழ்ந்தது. கடற்படை இதனை ஏற்றுக்கொண்ட 1940 ஆம் ஆண்டு, ஜப்பானியப் பேரரசு நாட்காட்டியில் 2600 ஆகும். அதன் கடைசி இலக்கமான சுழியமே வானூர்தியின் பெயராயிற்று. 10,000 இற்கும் மேற்பட்ட சீரோக்கள் செய்யப்பட்டன. அவற்றுள் பாதிக்கும் மேலானவை நகாஜிமா நிறுவனத்தின் தயாரிப்புகள். ஒரே வானூர்தியை இரு நிறுவனங்கள் செய்தமையால் வண்ணப்பூச்சில் பல வேறுபாடுகள் ஏற்பட்டன.

அளவு விகிதங்கள்

சீரோவின் 21 ஆம் வகைக்கு இறக்கை அகலம் 12 மீட்டர் ஆகும். வழக்கிலுள்ள விகிதங்களில் இது பின்வருமாறு அமையும்:

- 1/72 - ஏறத்தாழ 167 மிமீ
- 1/48 - 250 மிமீ
- 1/32 - 375 மிமீ
- 1/24 - 500 மிமீ

1942 இல் அமெரிக்கக் கடற்படை, வானூர்திகளை இனங்காணப் பயிற்சி அளிப்பதற்காகப் பள்ளி மாணவர்களைக் கொண்டு 1/72 விகிதத்தில் மர மாதிரியுருக்களைச் செய்வித்தது. இன்றும் இவ்விகிதம் பரவலாகப் பயன்படுகிறது. ஜப்பானின் ஷிசுவோக்கா மாகாணத்தைச் சேர்ந்த தமியா, ஹசெகாவா ஆகிய நிறுவனங்கள் சீரோ மாதிரியுருப் பெட்டிகளை நெடுங்காலமாக வெளியிட்டு வருகின்றன. செக் நாட்டின் எடுவார்ட் நிறுவனம் 2021 இல் 1/48 விகிதத்தில் 21 ஆம் வகையை வெளியிட்டது.

வகைகள்

21 ஆம் வகையின் இறக்கை நுனிகள் ஒவ்வொன்றும் 50 செமீ அளவுக்கு மடியக்கூடியவை. வானூர்தி தாங்கிக் கப்பலின் மின்தூக்கியில் இடம் போதுமாக இருக்க வேண்டும் என்பதே இதன் காரணம். 32 ஆம் வகையில் இந்நுனிகள் நீக்கப்பட்டு இறக்கை முனை சதுரமாக்கப்பட்டது. 52 ஆம் வகையில் இறக்கை 11 மீட்டர் அகலத்துடன் வட்ட முனை கொண்டது. இதில் புகைபோக்கிக் குழாய்கள் தனித்தனியே வெளிவருகின்றன.

பெட்டியில் உள்ள எல்லாப் பாகங்களையும் பொருத்த வேண்டும் என்பதில்லை. எடுத்துக்காட்டாக, தைனான் வான்படைப் பிரிவினர் எடையைக் குறைப்பதற்காக வானொலிக் கருவியை அகற்றி, அதன் கம்பத்தையும் வெட்டிவிட்டனர். அப்பிரிவின் வானூர்தியை அமைப்பவர் மாதிரியுருவிலும் கம்பத்தை நீக்க வேண்டும்.

அமைக்கும் முறை

முதலில் பாகங்கள் மென்மையான சோப்பு நீரில் கழுவப்படுகின்றன. அச்சிலிருந்து ஒட்டிவரும் எண்ணெய்ப் பசை நீங்காவிட்டால் வண்ணம் பிடிக்காது. பின்னர் விமானியறை அமைக்கப்பட்டு வண்ணம் தீட்டப்படுகிறது. உடற்பகுதியின் இரு பாதிகளும் ஒட்டப்பட்ட பின் உள்ளே தூரிகை செல்லாது என்பதால் இவ்வரிசை பின்பற்றப்படுகிறது.

ஒட்டிய இடங்களில் தெரியும் கோடு பட்டி பூசி நிரப்பப்பட்டு, உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தப்படுகிறது. உண்மையான சீரோவின் தறையாணிகள் காற்றுத் தடையைக் குறைப்பதற்காக மேற்பரப்போடு சமமாகப் பதிக்கப்பட்டிருந்தன. எனவே மாதிரியுருவின் மேற்பரப்பும் வழவழப்பாக இருத்தல் வேண்டும். 1/48 விகிதத்தில் 0.2 மிமீ அகலக் கோடு, மூல வானூர்தியில் ஏறத்தாழ 1 செமீ இடைவெளிக்குச் சமம்.

சீரோவின் கண்ணாடி மூடியில் சட்டங்கள் மிகுதி. கண்ணாடிப் பரப்புகளை மறைப்பு நாடாவால் மூடிவிட்டுச் சட்டங்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டப்படுகிறது.

வண்ணம்

போரின் தொடக்கத்தில் சீரோவின் உடல் முழுவதும் சாம்பல் நிறமாக இருந்தது. பழைய பெட்டிகளின் குறிப்புத்தாள்கள் பல இதனை வெளிர் சாம்பல் என்றே குறிப்பிட்டன. கறுப்பு வெள்ளை ஒளிப்படங்களில் சாயல் புலப்படாமை இதற்கு ஒரு காரணம் ஆகும். ஆனால், 1942 இல் ஜப்பானியக் கடற்படை ஆய்வறிக்கை ஒன்று அந்நிறத்தைச் சற்றே 'அமே' சாயல் கொண்ட பளபளப்பான சாம்பல் என விவரித்தது. அமே என்பது மாவுச்சத்திலிருந்து காய்ச்சப்படும் பாகு. அதன் நிறம் மஞ்சள் கலந்த பழுப்பு. எஞ்சிய சிதைவுகளில் உள்ள பூச்சு காலப்போக்கில் மஞ்சளித்தோ வெளிறியோ போயிருப்பதால், அச்சாயல் எவ்வளவு இருந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது.

1943 இல் முன்னரங்கத் தளங்களில் மேற்புறத்தில் பச்சை வண்ணம் பூசப்பட்டது. அவ்வாண்டின் நடுப்பகுதியிலிருந்து தொழிற்சாலைகளே கரும்பச்சை பூசின. நகாஜிமா தயாரிப்புகளில் பச்சைக்கும் சாம்பலுக்கும் இடையிலான எல்லைக்கோடு வால் இறக்கையை நோக்கி வளைந்து உயர்கிறது. இயந்திர மூடியை மிட்சுபிஷி நீலச் சாயல் கொண்ட கறுப்பாகவும், நகாஜிமா கறுப்பாகவும் தீட்டின. உட்புற உலோகப் பகுதிகளில் துருவைத் தடுக்க, 'அவோதாக்கே' எனப்படும் ஒளி ஊடுருவும் நீலப்பச்சைப் பூச்சு பயன்பட்டது. இதனை மாதிரியுருவில் காட்ட, வெள்ளி நிறத்தின் மேல் நீர்த்த நீலப்பச்சை பூசப்படுகிறது.

அடையாளக் குறிகள்

சாம்பல் நிற 21 ஆம் வகையில், நகாஜிமா செய்தவற்றின் உடற்பகுதிச் செவ்வட்டத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு உண்டு. மிட்சுபிஷி செய்தவற்றில் இல்லை. பேர்ள் துறைமுகத் தாக்குதலின்போது உடற்பகுதியைச் சுற்றியிருந்த பட்டைகள் கப்பலைக் குறித்தன. அகாகிக்கு ஒரு சிவப்புப் பட்டை, காகாவுக்கு இரண்டு சிவப்பு, சோர்யூவுக்கு ஒரு நீலம், ஹிர்யூவுக்கு இரண்டு நீலம், ஷோகாக்குவுக்கு ஒரு வெள்ளை, சுயிகாக்குவுக்கு இரண்டு வெள்ளை.

குறிகள் பொதுவாக நீரில் நனைத்து ஒட்டும் படங்களாக வருகின்றன. சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி போல் மினுங்கும். எனவே முதலில் பளபளப்புப் பூச்சு இடப்படுகிறது.

தேய்மானத் தோற்றம்

வண்ணம் உரிந்து உலோகம் தெரிவது போல் காட்டுவது மாதிரியுரு அமைப்போரிடையே பரவலான வழக்கம். ஆயினும் தொடக்ககாலச் சீரோக்களின் சிதைவுகளில் செம்பழுப்பு அடிப்பூச்சு காணப்படுகிறது. அடிப்பூச்சின்றித் தீட்டப்பட்ட பிற ஜப்பானிய வானூர்திகளைப் போல இவற்றையும் உரிந்ததாகக் காட்டுவது பொருத்தமன்று.

பாதுகாப்பு

காற்றுத்தூரிகையைப் பயன்படுத்தும்போது காற்றோட்டமும் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகமூடியும் தேவை.

எஞ்சியுள்ள மூல வானூர்திகள்

கலிபோர்னியாவின் சினோ நகர அருங்காட்சியகத்தில் 52 ஆம் வகைச் சீரோ ஒன்று உள்ளது. கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் தைனான் பிரிவின் வி-173 எண் கொண்ட 21 ஆம் வகை வைக்கப்பட்டுள்ளது. இத்தகைய வானூர்திகளிலிருந்து பாகங்களின் வடிவத்தை நேரடியாக அறியலாம். ஆனால் பழுதுபார்க்கும்போது மீண்டும் வண்ணம் பூசப்பட்டவை நிறத்துக்குச் சான்று ஆகா. நிறத்தை அறிய, மூலப் பூச்சு எஞ்சிய சிதைவுத் துண்டுகளும் போர்க்கால ஆவணங்களுமே பயன்படுகின்றன.