வேலையோடு படிப்பு: தொழில்நுட்பச் சான்றிதழ்களின் தமிழ்நாட்டு வரலாறு

மூல வைகையின் கரையில், கண்டமனூரிலிருந்து வருசநாட்டுக்குச் செல்லும் சாலையில் அமைந்த கடமலைக்குண்டு, தென்னையும் இலவமும் விளையும் மலையடிவார ஊராகும். 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டமும், ஊராட்சி ஒன்றியங்களுக்கு வழிவகுத்த 1958-ஆம் ஆண்டின் சட்டமும், அவற்றோடு பரவிய மின்சாரமும் இத்தகைய ஊர்களில் இரு புதிய பிழைப்புகளைத் தோற்றுவித்தன. ஒன்று அலுவலக மேசையைச் சார்ந்தது; மற்றொன்று மின்கம்பத்தையும் பம்புசெட்டையும் சார்ந்தது. இரண்டிலும் வேலை தெரிந்திருந்தால் மட்டும் போதாது, அதை ஒரு தேர்வின் மூலம் மெய்ப்பித்த சான்றிதழும் வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. பகலில் உழைத்துக்கொண்டே சான்றிதழுக்குப் படிக்கும் வழக்கம் கணினியோடு வந்ததன்று. கணினிக்கு முந்தைய இரு தலைமுறைகளின் வரலாறு அவ்வழக்கத்துக்கு உண்டு.

அலுவலக வேலைக்கான சான்றிதழ்களில் பரவலானது தட்டச்சுத் தேர்வு. 1957-இல் தனித்துறையாக அமைந்த தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்திவரும் இத்தேர்வில், மக்கள் வழக்கில் ‘லோயர்’ எனப்படும் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்களும், ‘ஹையர்’ எனப்படும் முதுநிலைக்கு 45 சொற்களும் அடிக்க வேண்டும். சிறு நகரங்களின் மாடி அறைகளில் இயங்கிய இன்ஸ்டிடியூட்டுகள் விடியற்காலை முதல் இரவு வரை ஒரு மணி நேர வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததால், கடைக்கணக்கு எழுதுபவரும் தற்காலிக எழுத்தரும் வேலைக்கு முன்னரோ பின்னரோ வந்து பயில முடிந்தது. ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று இடக்கை விரல்களைப் பழக்கும் முதல் பாடத்தைப் பல நாட்கள் அடித்த பின்னரே சொற்களுக்குச் செல்ல முடியும். ஒருமுறை பெற்ற சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும் என்பதே இத்தேர்வின் பெரும் கவர்ச்சியாக இருந்தது.

மின்தொழிலில் நிலைமை வேறாக இருந்தது. வீட்டுக்கு வயரிங் செய்வதையும் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவதையும், அதாவது எரிந்துபோன செம்புக் கம்பிச் சுருளை நீக்கிப் புதிய சுருளைப் பொருத்துவதையும், பெரும்பாலோர் ஒரு மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்தே கற்றனர். இவ்வாறு கற்றவர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவர ஏற்பட்டதே மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. வயரிங் தொழிலில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவமும் 21 வயது நிறைவும் இதற்கு அடிப்படைத் தகுதிகள். வயதுக்கு உச்சவரம்பு இல்லை. தொழிலாளர்களுக்கென நடத்தப்பட்ட மாலைநேர வகுப்பில் தேர்ச்சி பெற்றிருப்பதும் தகுதி வழிகளில் ஒன்றாக ஏற்கப்பட்டது. படித்துவிட்டு வேலைக்குப் போகும் வழக்கமான வரிசை இங்கே தலைகீழாகி, வேலை செய்த காலமே தேர்வறைக்குள் நுழையும் உரிமையாக அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அரசுப் பணியில் ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கும் தேர்வுகள் ஓயவில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் துறைத் தேர்வுகளில் கணக்குத் தேர்வு போன்றவற்றை முடித்தால்தான் பல பதவிகளில் தகுதிகாண் பருவம் நிறைவுறும் அல்லது பதவி உயர்வு கிட்டும். தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு இதைவிடப் பெரிய ஏணியாக இருந்தது, 1920-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பொறியாளர் நிறுவனத்தின் ‘ஏ.எம்.ஐ.இ.’ தேர்வு. கல்லூரிக்குச் செல்லாமல், பணியில் இருந்தவாறே ‘ஏ’, ‘பி’ என்னும் இரு பிரிவுகளிலும் தேறியவர்களின் தகுதி அரசு வேலைகளுக்குப் பொறியியல் பட்டத்துக்கு இணையாகக் கருதப்பட்டது. எனினும் 2013 மே 31-க்குப் பின் பதிவு செய்தவர்களுக்கு நடுவண் அரசின் அந்த ஏற்பு கிடைக்காமற் போனதால், பட்டயத்தோடு வேலைக்குச் சென்றவர்கள் நம்பியிருந்த ஒரு பாதை குறுகியது.

கணினிக் காலத்தின் தொடக்கத்திலும் அரசின் கை நீங்கவில்லை. 1990-களில் பரவிய, நடுவண் அரசைச் சார்ந்த ‘டோயாக்’ அமைப்பின் ‘ஓ’, ‘ஏ’, ‘பி’, ‘சி’ நிலைத் தேர்வுகளும், தட்டச்சுத் தேர்வின் தொடர்ச்சியாக வந்த கணினி அலுவலகத் தானியக்கச் சான்றிதழும் பழைய முறையையே பின்பற்றின. உண்மையான மாற்றம், கருவியையும் மென்பொருளையும் விற்கும் நிறுவனங்களே தேர்வாளர்களாக மாறியபோது நிகழ்ந்தது. சிஸ்கோ 1998-இல் அறிமுகப்படுத்திய ‘சி.சி.என்.ஏ.’ தேர்வு வலையமைப்புப் பணிக்கும், அமேசானின் தேர்வுகள் மேகக் கணிமைக்கும், அதாவது தொலைவிலுள்ள கணினிகளை வாடகைக்குப் பயன்படுத்தும் முறைக்கும், உலகெங்கும் ஏற்கப்படும் அடையாளங்களாயின. இவற்றை எழுதப் பட்டமோ அனுபவச் சான்றோ கட்டாயமில்லை. டாலரில் குறிக்கப்படும் கட்டணம் செலுத்தினால் போதும். ஆனால் இச்சான்றிதழ்கள் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகின்றன. வீட்டிலிருந்தே இணைய வழியில் எழுதும் வசதி 2020-க்குப் பின் பரவலானதால், நல்ல இணைய இணைப்பும் தனி அறையும் வாய்த்தால் மலையடிவார ஊரிலிருந்தும் இத்தேர்வுகளை எழுதலாம்.

இந்த மாற்றத்தில் தொழிலாளி பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. ஐந்தாண்டு காத்திருப்பு நீங்கியது. அந்த ஐந்தாண்டு உழைப்புக்கு இருந்த மதிப்பும் கூடவே நீங்கியது. துறைத் தேர்வில் தேறிய எழுத்தருக்குக் கிடைக்க வேண்டியதை அரசு விதியே கூறியது. நிறுவனச் சான்றிதழ் பெற்றவருக்கு ஊதியம் உயருமா என்பதை மேலாளரும் வேலைச் சந்தையும் முடிவு செய்கின்றன. மாறாதது ஒன்றே: அன்றும் இன்றும் படிப்புக்கான நேரம், உழைப்பவரின் சொந்த ஓய்விலிருந்து எடுக்கப்படுகிறது. முன்பு அந்தச் செலவு வாழ்க்கையில் ஓரிரு முறை நேர்ந்தது. இப்போது மூன்றாண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டிய கடமையாகிவிட்டது. அப்புதுப்பித்தலின் பயனில் பங்குகொள்ளும் வேலையளிப்பவர் அதற்கான நேரத்திலும் கட்டணத்திலும் பங்கேற்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு இந்த வரலாறே போதிய நியாயம் தருகிறது.