ஆய்வக அறிக்கையின் சொற்கள்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டிய உயிர்வேதியியல்

இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் பெற்றவுடன் நம்மில் பலர் முதலில் தேடுவது தடித்த எழுத்தில் அச்சிடப்பட்ட எண்களையே. அந்த எண்ணுக்கு அருகிலுள்ள சொல்லின் பொருள் தெரியாதபோது, எண் வீண் அச்சத்தையோ தவறான நிம்மதியையோ தந்துவிடுகிறது.

ஹைப்பர்கிளைசீமியா, ஹைப்போகிளைசீமியா என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்வோம். ‘ஹைப்பர்’ என்றால் மிகுதி. ‘ஹைப்போ’ என்றால் குறைவு. ‘ஈமியா’ என்பது இரத்தத்தில் உள்ள நிலையைக் குறிக்கும். முதற்சொல் இரத்தச் சர்க்கரை மிகுந்துவிட்டதையும், இரண்டாம் சொல் குறைந்துவிட்டதையும் சுட்டுகின்றன. சொற்களின் ஒலியில் வேறுபாடு சிறிது. செய்ய வேண்டியவையோ நேர்மாறானவை. சர்க்கரை குறைந்து வியர்த்து நடுங்கும் ஒருவருக்கு, “சர்க்கரை நோயாளி ஆயிற்றே” என்று இனிப்பைக் கொடுக்காமல் விடுவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே, ஆய்வக அறிக்கைகளில் அடிக்கடி இடம்பெறும் சில அடிப்படைச் சொற்களை இப்பக்கம் விளக்குகிறது. ஒவ்வொரு சொல்லைக் காணும்போதும் மூன்று கேள்விகளை எழுப்பிக்கொள்ளுங்கள்: இது என்ன பொருள்? உடலில் எங்கிருந்து வருகிறது? எந்தக் காலத்தின் நிலையைக் கூறுகிறது?

சர்க்கரைகள்: ‘ஓஸ்’ என முடியும் பெயர்கள்

குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், லாக்டோஸ், சுக்ரோஸ் என ‘ஓஸ்’ என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் சர்க்கரைகளைக் குறிப்பவை. லாக்டோஸ் பாலில் உள்ளது. சுக்ரோஸ் நாம் அன்றாடம் பயன்படுத்தும் சீனி. சோறு, இட்லி, சப்பாத்தி ஆகியவற்றின் மாவுச்சத்து செரித்து இறுதியில் குளுக்கோஸாகவே இரத்தத்தில் சேர்கிறது. “நான் இனிப்பே உண்பதில்லை, சர்க்கரை எப்படிக் கூடியது?” என்னும் கேள்விக்கான விடை இதுதான்.

வெறும் வயிற்றில் எடுக்கப்படும் குளுக்கோஸ் அளவு அந்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். எச்.பி.ஏ.1.சி. அப்படியன்று. இரத்தச் சிவப்பணுவில் ஹீமோகுளோபின் என்னும் புரதம் உள்ளது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். அக்காலம் முழுவதும் இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் ஹீமோகுளோபினில் சிறிது சிறிதாக ஒட்டிக்கொண்டே வருகிறது. அவ்வாறு ஒட்டியுள்ள பங்கினை அளப்பதே எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை. ஆகவே அது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் கூறுகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ, எச்.பி.ஏ.1.சி. 6.5 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அது நீரிழிவைக் குறிக்கும்; தேவைப்படும்போது மறுபரிசோதனை மூலம் மருத்துவர் அதனை உறுதி செய்வார்.

மருத்துவரைக் காண்பதற்கு முன் இரண்டு மூன்று நாட்கள் மட்டும் உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டு வருவோர் உண்டு. அன்றைய சர்க்கரை அளவு இறங்கியிருக்கலாம், எச்.பி.ஏ.1.சி. இறங்கியிராது. இரண்டு எண்களும் முரண்படும்போது ஆய்வகம் தவறிழைத்துவிட்டது என்று கருத வேண்டாம். அவை வெவ்வேறு காலத்தைப் பற்றிப் பேசுகின்றன. இரத்தசோகை உள்ளவர்களுக்கும் அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கும் எச்.பி.ஏ.1.சி. தவறான அளவைக் காட்டக்கூடும். அத்தகைய விவரங்களை மருத்துவரிடம் மறவாமல் தெரிவியுங்கள்.

புரதங்கள்: வடிவம் கெட்டால் வேலையும் கெடும்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளைப் போலக் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி. இருபது வகை அமினோ அமிலங்களைக் கொண்டே நம் உடல் பல்லாயிரம் புரதங்களை உருவாக்குகிறது. அச்சங்கிலி மடிந்து பெறும் வடிவத்தைப் பொறுத்தே அதன் பணி அமைகிறது. முட்டையின் வெண்கருவை வேகவைத்தால் அதிலுள்ள புரதத்தின் வடிவம் குலைந்து இறுகிவிடுகிறது. மீண்டும் குளிரவைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

இன்சுலினும் ஒரு புரதமே. 1921-ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் பேன்டிங், பெஸ்ட் ஆகியோரின் ஆய்வில் அது பிரித்தெடுக்கப்பட்டு, 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றின் வரிசையைக் கண்டறிந்த ஃபிரெடெரிக் சாங்கருக்கு 1958-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்சுலின் ஒரு புரதம் என்பதை அறிந்தால் இரண்டு ஐயங்கள் நீங்கும். முதலாவது, அதனை ஏன் மாத்திரையாக விழுங்க முடிவதில்லை என்பது. விழுங்கினால் பருப்பையும் முட்டையையும் போல அதுவும் செரிக்கப்பட்டுவிடும். இரண்டாவது, அதனை ஏன் உறையவிடக் கூடாது என்பது. உறைந்த இன்சுலினின் தன்மை கெட்டுவிடும். அது உருகிய பின் பார்வைக்கு இயல்பாகத் தோன்றினாலும் பயன்படுத்தலாகாது. பயன்படுத்தத் தொடங்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிரில் வைக்க வேண்டும். உறைகலத்திலோ அதனை ஒட்டியோ வைக்கக் கூடாது. வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லாதோர் பாதுகாக்கும் முறையைச் செவிலியரிடம் கேட்டறியுங்கள்.

சிறுநீர் அறிக்கையில் காணும் ஆல்புமினும் ஒரு புரதம். நலமான சிறுநீரகம் அதனைப் பெரும்பாலும் வெளியேறவிடுவதில்லை. நீரிழிவு உள்ளவரின் சிறுநீரில் ஆல்புமின் தொடர்ந்து கசிவது சிறுநீரகப் பாதிப்பின் தொடக்க அடையாளமாக இருக்கலாம். அந்நிலையில் வலியோ வீக்கமோ இருப்பதில்லை என்பதால்தான், ஆண்டுக்கு ஒரு முறையேனும் இப்பரிசோதனை வலியுறுத்தப்படுகிறது.

நொதிகள்: ‘ஏஸ்’ என முடியும் பெயர்கள்

உடலில் நிகழும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள் நொதிகள் எனப்படும். ஒரு கவளச் சோற்றை நெடுநேரம் மென்றால் இலேசாக இனிப்பதை உணரலாம். உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதே அதற்குக் காரணம். லாக்டோஸைச் செரிக்கும் நொதி லாக்டேஸ். அது குறைந்தவர்களுக்குப் பால் அருந்தியவுடன் வயிற்று உப்புசமும் பேதியும் ஏற்படலாம்.

நொதிகள் பொதுவாகத் தத்தம் செல்லுக்குள் இருந்து பணியாற்றுபவை. செல் சிதைந்தால் அவை இரத்தத்தில் கசிகின்றன. எஸ்.ஜி.பி.டி. என்பது கல்லீரல் செல்களில் மிகுதியாக உள்ள ஒரு நொதி. சில ஆய்வகங்கள் இதனை ஏ.எல்.டி. என்று அச்சிடுகின்றன. அது உயர்ந்திருந்தால் கல்லீரல் செல்கள் ஏதோ ஒரு காரணத்தால் சேதமுறுகின்றன என்று பொருள். அது மஞ்சள் காமாலையாகவோ, கொழுப்பு படிந்த கல்லீரலாகவோ, மதுவின் விளைவாகவோ, ஒரு மருந்தின் பக்கவிளைவாகவோ இருக்கலாம். நீங்கள் உட்கொள்ளும் நாட்டு மருந்து, சூரணம், வலி மாத்திரை ஆகிய அனைத்தையும் மருத்துவரிடம் கூறினால்தான் காரணத்தைக் கண்டறிய இயலும்.

கிரியாட்டினின்: தசையிலிருந்து சிறுநீரகம் வரை

கிரியாட்டினின் நம் தசைகளில் உண்டாகும் ஒரு கழிவுப்பொருள். சிறுநீரகம் அதனை வடிகட்டி வெளியேற்றுகிறது. சிறுநீரகத்தின் ஆற்றல் குறையும்போது அது இரத்தத்தில் தேங்குகிறது. தசை மெலிந்த முதியவருக்கு கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு. ஆதலால் அவருடைய எண் இயல்பாகத் தோன்றினாலும் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருக்கக்கூடும். இதனைக் கருதியே வயது, பாலினம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடப்படும் இ.ஜி.எஃப்.ஆர். என்னும் மதிப்பு அறிக்கையில் தரப்படுகிறது. அது மூன்று மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழ் இருந்தால் நாட்பட்ட சிறுநீரக நோய் எனக் கொள்ளப்படும். அத்தகையோர் மருந்துக்கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி உட்கொள்வதை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

மரபணு: மூன்று எழுத்துச் சொற்கள்

எந்தப் புரதத்தில் எந்த அமினோ அமிலம் எந்த வரிசையில் அமைய வேண்டும் என்னும் குறிப்பு டி.என்.ஏ.வில் உள்ளது. ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட ஏடு அது. ஒரு புரதத்திற்குரிய குறிப்பைத் தாங்கிய பகுதியை மரபணு என்கிறோம். மூன்று எழுத்துகள் சேர்ந்த ஒவ்வொரு ‘சொல்லும்’ ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். இக்குறியீட்டைப் படித்தறிந்ததற்காக இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானாவுக்கும் வேறு இருவருக்கும் 1968-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்குறியீடு எல்லா உயிர்களுக்கும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் மனித இன்சுலின் மரபணுவை நுண்ணுயிரிக்குள் செலுத்தி இன்சுலினை உற்பத்தி செய்ய முடிகிறது. அவ்வாறு உருவாக்கப்பட்ட இன்சுலின் 1982-இல் பயன்பாட்டிற்கு வந்தது.

ஓர் எழுத்து மாறினாலும் விளைவு பெரிதாகலாம். ஹீமோகுளோபின் மரபணுவில் ஓர் எழுத்து மாறி, அதனால் ஓர் அமினோ அமிலம் மாறுவதே அரிவாள் செல் சோகைக்குக் காரணம். நம் மாநிலத்தில் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இந்நோய் காணப்படுகிறது. மாறிய மரபணு ஒன்றை மட்டும் உடையவர் ‘கடத்தி’ எனப்படுவார். அவர் பொதுவாக நலமாகவே இருப்பார். தாய், தந்தை இருவருமே கடத்திகளாயின், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தைக்கு நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. ‘கடத்தி’ என்னும் சொல் பழியன்று. திருமணத்திற்கும் மகப்பேற்றுக்கும் முன் ஆலோசனை பெற உதவும் தகவல்.

மூலக்கூறு பரிசோதனை: சிபிநாட்

காசநோய்க்குச் சளியைச் சோதிக்கும் சிபிநாட் கருவி, கிருமியின் டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கிக் கண்டறிகிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கிருமி உள்ளதா என்பதையும், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் காட்டிவிடும். இங்கும் ‘எதனை அளக்கிறது’ என்னும் கேள்வி இன்றியமையாதது. இறந்த கிருமியின் டி.என்.ஏ.வும் சில காலம் சளியில் தங்கக்கூடும். எனவே சிகிச்சையின் முன்னேற்றத்தை அறியச் சளியை நுண்ணோக்கியில் காணும் சோதனையும் கிருமி வளர்ப்புச் சோதனையும் பயன்படுத்தப்படுகின்றன. “சிபிநாட் ஏன் மீண்டும் எடுக்கவில்லை?” என்று கவலையுற வேண்டியதில்லை.

அலகும் இயல்பு வரம்பும்

எண்ணை அலகுடன் சேர்த்தே படியுங்கள். நம் நாட்டில் குளுக்கோஸ் மில்லிகிராம் / டெசிலிட்டர் என்னும் அலகில் தரப்படுகிறது. சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில் மில்லிமோல் / லிட்டர் வழக்கில் உள்ளது. அங்குள்ள 7, இங்குள்ள 126-க்குச் சமம். வெளிநாட்டு உறவினரின் அளவோடு உங்கள் அளவை ஒப்பிட்டு அஞ்ச வேண்டாம். மேலும், இயல்பு வரம்பு என்பது பொதுவாக நலமாக உள்ள நூற்றுவரில் தொண்ணூற்றைவருக்குப் பொருந்துமாறு வகுக்கப்படுவது. ஆகவே வரம்பைச் சிறிது தாண்டிய ஓர் எண் தன்னளவில் நோய் ஆகாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

- அறிக்கைகளைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொரு முறையும் கொண்டு வாருங்கள். ஓர் எண்ணைவிட, எண்களின் போக்கே அதிகம் உணர்த்தும்.
- புரியாத சொல்லை அடிக்கோடிட்டு, “இது எந்த உறுப்பைப் பற்றியது? மீண்டும் எப்போது பார்க்க வேண்டும்?” என்று கேளுங்கள்.
- அறிக்கையை மட்டும் படித்துவிட்டு எந்த மருந்தையும் நிறுத்தவோ, கூட்டவோ, குறைக்கவோ வேண்டாம்.
- இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினாலோ, வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றினாலோ, விழுங்கும் நிலையில் உள்ளவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள்; குறைவாகவே இருந்தால் மறுபடியும் கொடுங்கள். சரியானபின் உணவு கொடுங்கள்.
- நினைவிழந்தவரின் வாயில் எதனையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 108-ஐ அழையுங்கள்.

இச்சொற்களை ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் உள்ளவரின் நோய்க்குரிய நான்கைந்து சொற்களை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, 104 மருத்துவ உதவி எண்ணையோ அணுகலாம்.