கடுகு டப்பாவும் ராஸ்பெர்ரி பையும்

பிள்ளைகளுக்கென்று வாங்கிய பழைய ராஸ்பெர்ரி பை உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறதா? தூக்கிப் போடுமுன் இந்தப் பழங்கதையைக் கேளுங்க மக்களே. புரோகிராம் கண்ணெதிரே இருக்கும், ஓட்டினால் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று சாதிக்கும். போர்டு கெட்டுவிட்டது என்று மூட்டை கட்டியவர்கள் நிறையப் பேர்.

முதல் பை விற்பனைக்கு வந்தது 2012 பிப்ரவரி 29. அதிலிருந்த ஆர்ம்11 சிப், ஆர்ம்வி6 ரகம். தசமக் கணக்குப் போட தனிப் பகுதி உண்டு. ஆனால் அன்றைய டெபியனில் இருந்த 'ஆர்ம்இஎல்', தசம எண்களைச் சாதாரண ரெஜிஸ்டரில் வைத்துத்தான் கைமாற்றும். புதிதாகத் தயாரான 'ஆர்ம்ஹெச்எஃப்' கணக்குப் பகுதியின் ரெஜிஸ்டரிலேயே கொடுக்கும், வேகம். ஆனால் அதற்கு ஆர்ம்வி7 வேண்டும். பைக்கு அந்த யோகமில்லை.

இரண்டையும் கலந்தால் என்ன ஆகும்? ஐயா மளிகைப் பணத்தை அரிசி டப்பாவில் வைக்க, அம்மா கடுகு டப்பாவில் தேடுகிற கதைதான். அதனால்தான் லோடரின் பெயரையே பிரித்துவிட்டார்கள். பழசுக்கு எல்டி-லினக்ஸ், புதுசுக்கு எல்டி-லினக்ஸ்-ஆர்ம்ஹெச்எஃப். "ஃபைல் இல்லை" என்று வருவது உங்கள் புரோகிராமைப் பற்றியல்ல, இந்த லோடரைப் பற்றி. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம்!

மைக் தாம்ப்சன், பீட்டர் கிரீன் என்ற இரண்டு பேர் சும்மா இருக்கவில்லை. 35,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை ஆர்ம்வி6-க்கென்றே மறுபடி கம்பைல் செய்தார்கள். 2012 ஜூனில் முடிந்தது. அதுதான் ராஸ்பியன். கம்பெனி வேலையல்ல, ஆர்வத்தில் செய்தது. இது இல்லாவிட்டால் 35 டாலர் போர்டு பிறந்த வருடமே கிழடு தட்டியிருக்கும் என்பேன்.

ஜாவாக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். ஆரக்கிள் ஜாவா அப்போது பழைய ரகம். ராஸ்பியனின் நேட்டிவ் லைப்ரரியோடு சேராது. அவர்களுக்காகவே பழைய ரக டெபியனைத் தனியாக வெளியிட வேண்டியிருந்தது. 2013-ல் ஜாவாவும் மாறியது.

குழப்பம் இன்றும் தீரவில்லை. டெபியன் ஆர்ம்ஹெச்எஃப் லைப்ரரியை எடுத்து முதல் பையிலோ பை ஜீரோவிலோ போட்டால், பெயர் ஒன்றாக இருப்பதால் லோடாகும், பிறகு "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று சாகும். பை 4-ல் வேறு கூத்து: 2023 முதல் 32 பிட் சிஸ்டத்திலும் 64 பிட் கெர்னல் ஏறிக்கொள்கிறது. 'யுநேம்' சொல்வதை நம்பி 64 பிட் லைப்ரரி இறக்காதீர்கள். 'டிபிகேஜி'யிடம் ஆர்க்கிடெக்சர் என்னவென்று கேளுங்கள், 'ரீட்எல்ஃப்' வைத்து லைப்ரரியையும் பாருங்கள். 32 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் அந்த முதல் போர்டிலும் இன்றும் ஓடும். எஸ்டி கார்டு மட்டும் புதுசாக வாங்கிக்கொள்ளுங்கள்.